பேலரில் (வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம்) வைக்கோல் கட்டும்போது தீப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

பெரும்பாலும் பிரச்சினை பேரிங்கில்தான். ரோலர் முனையில் வைக்கோல் இறுகச் சுற்றிக்கொள்ளும், கிரீஸ் வறண்ட பேரிங் சூடேறும், பக்கத்திலேயே காய்ந்த தூசு, அப்புறம் கேட்கவா வேண்டும். அதனால் அவ்வப்போது வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றியிருப்பதை அறுத்தெடுங்கள். ஓடும்போது கையை விட்டால் கையே போய்விடும். சைலன்சர் ஓரம் படியும் தூசையும் தட்டிவிடுங்கள். கீச்சென்ற சத்தமோ கருகல் வாடையோ வந்தால், ‘இந்த வயலை முடித்துவிடலாம்’ என்று ஓட்டாதீர்கள். டிராக்டரில் தீயணைப்பான் கட்டாயம், தண்ணீர் கேனும் இருக்கட்டும். உள்ளே புகைந்தால், முடிந்தவரை வைக்கோல் கட்டை வெளியே தள்ளிவிட்டு வண்டியை நகர்த்துங்கள். தீ பரவிவிட்டால் வண்டியைப் பார்க்காமல் விலகி, 101-க்கு அழையுங்கள்.

டெல்டாவில் சம்பா அறுவடை தை மாதம், காலையில் பனி. ஈரத்தோடு கட்டி அடுக்கினால் வைக்கோல் போருக்குள்ளேயே சூடேறும், வெயில் ஏறிய பிறகே கட்டுங்கள்.