கஜாவுக்கு வாங்கிய செயின்சா

கேள்வி: கஜா புயலில் விழுந்த தென்னைகளை அறுக்க 2018-இல் அப்பா ஒரு செயின்சா வாங்கினார். சில வருடங்களாகக் கொட்டகையில் கிடக்கிறது, ஸ்டார்ட் ஆவதில்லை. பழைய மெஷின்களைப் பிரித்துச் சரிசெய்யப் பழக எனக்கு ரொம்ப ஆசை. காயலான் கடையில் இன்னும் இரண்டு இருக்கின்றன. வாங்கிப்போட்டு ஆரம்பிக்கலாமா?
- பேராவூரணி வாசகர்

பதில்: கடை மெஷின்கள் இப்போதைக்கு வேண்டாம், தம்பி. அவை எதனால் நின்றன என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டு மெஷின் நன்றாக ஓடி, வேலை முடிந்து, பெட்ரோலோடு மூலைக்குப் போனது. பழக இதுதான் சரியான மெஷின்.

பிளக்கையும் சைலன்சரையும் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் துளைக்குள் டார்ச் அடித்தபடி ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்தால் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். அதன் பக்கம் வழவழப்பாக இருந்தால் கவலையில்லை. மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று இழுத்திருக்கலாம். அது சிலிண்டர் வரை போகும் செலவு. முதல் மெஷினிலேயே அதில் இறங்காதீர்கள். பின்னால் கடையில் வாங்கும்போதும் இதைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். சைலன்சரைக் கழற்றவிடாத கடைக்காரரிடம் வாங்கவே வேண்டாம்.

பிஸ்டன் நன்றாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் போகும் வழியில்தான். டேங்கைத் திறந்தால் வார்னிஷ் போல நாறும். நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், ரப்பரையும் கெடுக்கும். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரைக் கம்பியால் கொக்கி போட்டு வெளியே எடுங்கள். பெட்ரோல் டியூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரின் இரண்டு பக்கமும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கும். தொட்டால் துணிபோல் மடங்க வேண்டும். விறைத்துப்போய் மொடமொடத்தால் பெட்ரோலை இழுக்காது. வால்ப்ரோ, ஸாமா என்று கம்பெனிப் பெயரும் எண்ணும் கார்புரேட்டரிலேயே பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லி ரிப்பேர் கிட் கேளுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டும் (இடுக்கை அடைக்கும் மெல்லிய அட்டை) டயாப்ரமும் இடம் மாறினால் மெஷின் ஓடாது.

பிளக் இடைவெளி பெரும்பாலான மெஷின்களுக்கு 0.5 மி.மீ. புதுப் பெட்ரோலில் நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். மெஷினின் கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

கிளட்சைக் கழற்ற நேர்ந்தால் கவனம்: பெரும்பாலும் இடது மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். பிஸ்டன் நகராமல் இருக்கச் சிலர் ஸ்க்ரூடிரைவரை விட்டு முட்டுக் கொடுக்கிறார்கள். பிஸ்டன் தலை பொத்தலாகிவிடும். எக்ஸாஸ்ட் துளை மூடும்வரை பிஸ்டனை மேலேற்றிவிட்டு, பிளக் துளை வழியே நைலான் கயிற்றைத் திணியுங்கள்.

செயினில் கை வைக்கும் முன் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மெஷின் தரையில் இருக்கட்டும். செயின் பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடியில் காலை ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு பிரேக்கை விடுவித்துப் பாருங்கள். ஐடிலிங்கில் செயின் ஓடக்கூடாது. ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தும் ஓடினால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கலாம். அதை மாற்றாமல் அந்த மெஷினை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போகாதீர்கள்.

இவ்வளவும் செய்து ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், பலமுறை இழுத்த பிறகு பிளக் நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்து எதைப் பிரிப்பது என்று சொல்கிறேன்.