‘வந்தவர்கள்’ என்று எழுதியது யார்? – கேள்வி பதில்

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். இப்போது முதுகலை வரலாறு படிக்கிறேன். மாநில எல்லைகள் பற்றிப் படித்ததைச் சென்ற மாதம் வாசகர் வட்டத்தில் பேசினேன். அதற்கு வந்த கேள்விகள் பல. தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, பாடப்புத்தகத்தில் 1956 நவம்பர் 1 ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. நம் பக்கம் அன்று என்னதான் நடந்தது? (பிளஸ் டூ மாணவி, வண்டிப்பெரியாறு)

மொழிவாரியாக மாநில எல்லைகளை மாற்றிய நாள் அது. திருவிதாங்கூரில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலிக்குப் போனது. தமிழர் தரப்பு கேட்ட தேவிகுளம் (என் மூணாறு இருப்பது), பீர்மேடு (உன் வண்டிப்பெரியாறு இருப்பது), நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றன. அதனால்தான் நீயும் நானும் மலையாளத்தில் விண்ணப்பம் எழுதக் கற்றோம்.

இந்தப் பிரிவினைக்கு அடிப்படை, பசல் அலி தலைமையில் குன்ஸ்ருவும் சர்தார் பணிக்கரும் இருந்த மூவர் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை. 1955இல் வந்தது. நான் மூன்று முறை திரும்பத் திரும்பப் படித்தது தேவிகுளம் பற்றிய பகுதியைத்தான். அங்கே தமிழர்கள் பெரும்பான்மை என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், வந்து போகிறவர்கள், ஆகவே அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பது அதன் வாதம். அந்த மலைப்பகுதி கேரளத்தின் பொருளாதாரத்துக்குத் தேவை என்ற காரணமும் கூடவே வருகிறது.

என் பாட்டி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணியோடு மலை ஏறியவர். அதன் பிறகு நாற்பது வருடம் கொழுந்து பறித்தார். மூன்று பிள்ளைகளை இங்கேயே பெற்று, ஒன்றை இங்கேயே புதைத்தார். அறிக்கையின் கணக்கில் அவர் வந்து போகிறவர். தோட்டக் கணக்கிலோ ஒரு நாள் வராவிட்டாலும் சம்பளம் பிடிக்கப்படும் ஆள்! ஒரே பெண்மணியை இரண்டு தாள்கள் இரண்டு விதமாக எண்ணியிருக்கின்றன. அன்றிலிருந்து எந்த அறிக்கையை எடுத்தாலும், எத்தனை பேர் என்பதற்கு முன்னால், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்றுதான் தேடுகிறேன்.

திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்றும் தமிழ்தான். இதில் என்ன நியாயம்? (விசைத்தறி நெசவாளர், நகரி)

முதலில் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: இவர் சொல்வது ஆந்திரச் சித்தூர். மேலே நான் சொன்னது பாலக்காட்டுச் சித்தூர். இந்த இரண்டையும் குழப்பி நானே ஒருமுறை மதிப்பெண் இழந்திருக்கிறேன்.

உங்கள் சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து உண்டாக்கப்பட்டது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட பிறகு, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. அப்போது பெரும்பாலும் மாவட்டம் மாவட்டமாகத்தான் பிரித்தார்கள். சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி.யும் வடக்கெல்லைப் போராட்டக்காரர்களும் விடாமல் நின்றதால், படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்துப் பேசினார்கள். அவர் கையில் எடுத்த அலகு கிராமம். எந்த மொழிக்காரர் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்தார்கள். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நமக்கு. மாற்றாகச் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்கு.

அளவுகோலைக் கவனியுங்கள். 1953இல் மாவட்டம், 1956இல் தெற்கே தாலுகா, 1960இல் கிராமம். படியால் அளந்தால் ஒரு கணக்கு, ஆழாக்கால் அளந்தால் வேறு கணக்கு. தெற்கேயும் கிராமம் கிராமமாக அளந்திருந்தால் கோடு வேறு மாதிரி வளைந்திருக்கும். அதனால் எங்களுக்கு நல்லது நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வோர் எஸ்டேட் டிவிஷனுக்கும் ஒரு சோதனைச்சாவடி வைத்திருப்பார்கள்.

பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்காவைக் கூறு போட்டதைப் போலத்தானே நம் எல்லைகளும்? (கல்லூரி மாணவர், செங்கோட்டை)

இதையே நானும் ஒரு கட்டுரையில் எழுதினேன். பேராசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். அவர் அடித்தது சரி. 1884–85இல் பெர்லினில் பதினான்கு அரசுகள் உட்கார்ந்தன. அந்த மேசையில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. நம் எல்லை விஷயத்தில் மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், சட்டமன்றத்தில் பேசினோம். கேட்ட எல்லாம் கிடைக்கவில்லை என்பதும், கேட்கவே வாயில்லை என்பதும் ஒன்றல்ல.

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால், இந்தியா–பாகிஸ்தான் எல்லையாக ராட்கிளிஃப் போட்ட கோட்டோடு ஒப்பிடலாம். அதற்கு முன் இந்தியாவைப் பார்த்தே இராத வழக்கறிஞர் அவர். 1947 ஜூலையில் வந்தவருக்கு ஐந்து வாரம் அவகாசம். எல்லைக் கோட்டை மக்களுக்கு அறிவித்தது ஆகஸ்ட் 17, அதாவது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. அதோடு பார்த்தால் நம் ஆணையங்கள் எவ்வளவோ நிதானம்.

எங்கள் தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர். பள்ளியில் எங்களை ‘சிலோன்காரர்கள்’ என்பார்கள். இதெல்லாம் உலக வரலாற்றில் சேருமா? (ரப்பர் தோட்டத் தொழிலாளியின் மகன், புனலூர்)

சேருமா என்று ஏன் தயங்குகிறாய் தம்பி? உலக வரலாறு உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டார்கள். காப்பிக் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் அவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று. பத்து ஆண்டு கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். உன் தாத்தாவுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று அந்தக் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை. அப்படி வந்தவர்களில் சிலருக்குத்தான் புனலூர்ப் பக்கத்தில் அரசு ரப்பர் தோட்டம் போட்டுக் குடியமர்த்தியது.

என்னை உறுத்துவது இதுதான். தேவிகுளத்தில் என் பாட்டியையும் மலையகத்தில் உன் தாத்தாவையும் எண்ணிக்கைக்கு வெளியே தள்ளியது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: ‘வேலைக்கு வந்தவர்கள்.’ பர்மா 1982இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியாக்களை வெளியே நிறுத்தியபோதும் அதே வாடைதான். ஆனால் ஒன்று. என் பாட்டிக்கு ஓட்டு இருந்தது. உன் தாத்தாவுக்கு அதையும் பிடுங்கினார்கள். உன் கதையோடு என் கதையைச் சரிக்குச் சரி வைக்க எனக்கு உரிமை இல்லை.

வரலாறு படித்தால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருமா? (விவசாயி, கொழிஞ்சாம்பாறை)

வராது. ஆனால் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. உங்கள் பக்கத்துக்கு விட வேண்டும் என்பது தெரிந்தால், அதிகாரியிடம் பேசும்போது குரல் கொஞ்சம் நிமிரும்.

பெரியவர்கள் சொல்வதை நம்பலாமா? ஆண்டெல்லாம் தப்பாகச் சொல்கிறார்களே? (ஆசிரியர், மறையூர்)

தப்பு பல சமயம் நம் காதில் இருக்கிறது. பாட்டி ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்லும்போதெல்லாம் நான் 1999 என்றே நினைத்திருந்தேன். அது கொல்லம் ஆண்டு 1099. 825 கூட்டினால் 1924. அந்த ஜூலை வெள்ளத்தில்தான் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. பாட்டி அதைப் பார்த்தவர் அல்ல, அவருடைய மாமியார் சொல்லக் கேட்டவர். ஆனாலும் ஆண்டில் பிசகில்லை.

அக்கா, இந்த வரலாற்றில் பெண்கள் எங்கே? (செவிலியர் மாணவி, மூணாறு)

2015 செப்டம்பரில் உன் அம்மா எங்கே இருந்தார் என்று கேட்டுப் பார். போனஸைக் குறைத்ததற்காகப் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரைக் கேரளமே உச்சரித்தது. இருபது சதவீதத்துக்குச் சமமான தொகையை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வந்து போகிறவர்கள்!

மகளே, 1954இல் நான் சிறுவன். தமிழ்நாட்டோடு சேரப் போராடிய நேசமணி ஐயாவின் கூட்டத்துக்கு அப்பாவின் தோளில் ஏறிப் போயிருக்கிறேன். போராடியவர்கள் மேல் அந்த ஆகஸ்டில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூடும் நினைவில் இருக்கிறது. உங்கள் புத்தகங்களில் அது இருக்கிறதா? (ஓய்வு பெற்றவர், பாறசாலை)

இருக்கிறது ஐயா, ஆனால் மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டம், புதுக்கடை என்று ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. அன்றைய திருவிதாங்கூர்–கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்று அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே கேட்டது இருக்கிறது. அன்று மாலை உங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவு திறந்திருந்தது, அம்மா என்ன சமைத்தார், யார் திரும்பி வரவில்லை என்பது எதிலும் இல்லை.

ஆகவே கேள்வியை நான்தான் உங்களிடம் கேட்க வேண்டும். அடுத்த மாதம் ஆவணக் காப்பகத்துக்காகத் திருவனந்தபுரம் வருகிறேன். அங்கிருந்து பாறசாலைக்கு ரயில் ஏறிவிடுவேன். எந்தக் கிழமை உங்களுக்குத் தோதுப்படும் என்று மட்டும் எழுதுங்கள்.