கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் 'சஃபர்': கேள்வி பதில்

மாற்கு 10:14-ல் 'சஃபர் த லிட்டில் சில்ட்ரன்' என்று இருக்கிறதே, பிள்ளைகள் பாடுபட வேண்டுமா?

இல்லவே இல்லை. கிங் ஜேம்ஸ் என்ற இந்த ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த 1611-ல் 'சஃபர்' என்றால் 'விடு, அனுமதி' என்ற பொருளும் வழக்கில் இருந்தது. மூல மொழியான கிரேக்கத்தில் உள்ள வினை 'அஃபியேமி', அதாவது விடுவது. நம் பழைய திருப்புதல் (தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு) 'வருகிறதற்கு இடங்கொடுங்கள்' என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் குழப்பம் வந்தால் முதலில் தமிழைத் திறந்து பாருங்கள்.

ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்?

லத்தீன் வேர் 'சுஃபெர்ரே'. 'சுப்' என்றால் கீழே, 'ஃபெர்ரே' என்றால் சுமப்பது. வலியைச் சுமந்தால் பாடு. ஆளைச் சுமந்தால் சகிப்பு. அவர் செய்வதைத் தடுக்காமல் பொறுத்தால் அனுமதி.

வாசிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்லுக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். ஆளும், அவரையடுத்து 'டு' சேர்ந்த வினையும் வந்தால் அனுமதி. ஆள் மட்டும் வந்தால் பெரும்பாலும் சகிப்பு: மத்தேயு 17:17-ல் 'சஃபர் யூ', தமிழில் 'உங்களிடத்தில் பொறுமையாயிருப்பேன்'. நஷ்டமோ வேதனையோ வந்தால் அனுபவிப்பது.

பழகிப் பார்க்க மாற்கு 5 போதும், ஒரே அதிகாரத்தில் மூன்று முறை வருகிறது. 26-ம் வசனத்தில் பெரும்பாடுள்ள (இரத்தப்போக்குள்ள) ஸ்திரீ 'வைத்தியர்களால் மிகவும் வருத்தப்பட்டு' வருகிறாள். இது பாடு, கிரேக்கத்தில் 'பாஸ்கோ'. 37-ல் வேறொருவரும் வர 'இடங்கொடாமல்', இது அனுமதி. பலரும் தடுமாறுவது 19-ல்தான். 'சஃபர்ட் ஹிம் நாட்' என்று ஆள் மட்டும் நிற்பதால், பிசாசு நீங்கிச் சுகமானவனை இயேசு சகிக்கவில்லை என்று படித்துவிடுகிறார்கள். அங்கே பின்வினை தொக்கி நிற்கிறது. 18-ம் வசனத்தில் அவன் இயேசுவோடு கூடவே இருக்க வேண்டிக்கொள்கிறான். அதற்கு 'உத்தரவு கொடாமல்' என்பதே பொருள். மத்தேயு 3:15-ன் கடைசி வரியான 'சஃபர்ட் ஹிம்' என்பதும் இதே அமைப்புதான்.

கலாத்தியர் 5:22-ல் 'லாங்சஃபரிங்' என்பது நீண்டநாள் துன்பமா?

கிரேக்கச் சொல் 'மக்ரோதூமியா'. 'மக்ரோஸ்' நீளம், 'தூமோஸ்' கோபம். கோபம் எழ நெடுநேரமாகும் குணம் அது. 'நீடியபொறுமை' என்ற தமிழ் கச்சிதம்.

அப்போஸ்தலர் 1:3-ல் 'பேஷன்' என்பது?

பேரார்வம் அல்ல, பாடு. இதுவும் 'பாஸ்கோ' வினைதான், தமிழில் 'பாடுபட்டபின்பு'.