ஆர்க்கிடெக்டா, டிராஃப்ட்ஸ்மேனா?

கேள்வி: திருச்சியில் 30க்கு 50 அடியில், மேற்குப் பார்த்த மனை இருக்கிறது. கீழும் மேலுமாக வீடு கட்டப் போகிறோம். டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் சதுர அடிக்குச் சில ரூபாய் வாங்கிக்கொண்டு பிளான் தருவதாகச் சொல்கிறார். ஆர்க்கிடெக்ட்டோ கட்டடச் செலவில் குறிப்பிட்ட சதவீதம் கேட்கிறார். யாரிடம் போவது?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொல்வதை அளவு பிசகாமல் வரைந்து தருவது டிராஃப்ட்ஸ்மேனின் வேலை, பலர் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர்கள், அப்ரூவலுக்கான படங்களில் கைதேர்ந்தவர்கள். ஐந்தாண்டு பி.ஆர்க். படித்த ஆர்க்கிடெக்ட், என்ன வரைய வேண்டும் என்பதையே உங்களோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டியவர். உங்கள் மனைக்கு அந்த யோசனை தேவை என்றே எனக்குத் தோன்றுகிறது. இருபுறமும் வீடுகள் எழும்பிவிட்டால் வெளிச்சமும் காற்றும் முன்னும் பின்னும்தான் கிடைக்கும். அந்த முன்பக்கமோ மேற்கு. திருச்சி வெயிலில் பிற்பகல் முழுதும் சுடும் சுவருக்குப் பின்னால் படுக்கையறை வராமல், படிக்கட்டையோ குளியலறையையோ அங்கே தள்ளி, வீட்டின் நடுவே வானம் பார்த்த சிறு முற்றம் விட முடியுமா என்று பார்ப்பவர் வேண்டும். (வாஸ்து பார்ப்பவரிடம் போவதற்கு முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது.)

முழுக் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், வடிவமைப்புக்கு மட்டும் ஆர்க்கிடெக்ட்டிடம் தனிக்கட்டணம் பேசிவிட்டு, மற்றப் படங்களை டிராஃப்ட்ஸ்மேனிடம் கொடுக்கலாம். ஒழுங்கான மனையில், நீங்கள் ஏற்கெனவே பார்த்துப் பிடித்த வீட்டைப் போலவே கட்டுவதாக இருந்தால் டிராஃப்ட்ஸ்மேனே போதும்.

1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் காப்பது பட்டத்தைத்தான், வீடு வடிவமைக்கும் வேலையை மற்றவர்களுக்கு அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. எனவே விசிட்டிங் கார்டை நம்பாமல் ‘சி.ஏ.’ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

இருவரில் யாரை அமர்த்தினாலும் அஸ்திவாரம், தூண், பீம் ஆகியவற்றின் கம்பிக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் மண் பரிசோதனையின் அடிப்படையில் போட்டுத் தர வேண்டும். அதை மேஸ்திரியின் அனுபவத்துக்கு விட்டுவிடாதீர்கள். பின்னாளில் இரண்டாம் தளம் எழுப்பும் எண்ணம் இருந்தால் அவரிடம் இப்போதே சொல்லுங்கள். எந்தெந்தப் படங்கள் கிடைக்கும், கட்டும்போது எத்தனை முறை வந்து பார்ப்பார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.