இரட்டையர் முரண் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி அதிவேக விண்கலத்தில் போய்த் திரும்பினால், வீட்டில் இருந்தவளைவிட இளமையாக இருப்பாள் என்கிறீர்கள். விண்கலத்தில் போகும் தங்கையின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று வீட்டில் இருக்கும் அக்கா சொன்னால், தங்கையும் அக்காவின் கடிகாரத்தைப் பற்றி அதையேதானே சொல்லலாம்? பிறகு ஏன் தங்கை மட்டும் இளமையாகத் திரும்புகிறாள்? ‘முடுக்கம்தான் காரணம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது போதவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போதாதுதான். அந்த வரி என் சோம்பல். கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

விண்மீன் 3 ஒளியாண்டு தொலைவில். தங்கையின் வேகம் ஒளியின் வேகத்தில் 60 விழுக்காடு. அக்காவின் கடிகாரப்படி போக 5 ஆண்டு, வர 5 ஆண்டு. தங்கையின் கடிகாரத்தில் 4, 4. பிறந்தநாளன்று பிரிகிறார்கள், அதன்பின் பிறந்தநாள்தோறும் ஒருவருக்கொருவர் ஓர் ஒளிச்சைகை அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

விலகிச் செல்லும்வரை, மற்றவளின் சைகை இருவருக்குமே 2 ஆண்டுக்கு ஒன்றாகத்தான் வரும். (ஒளி வந்துசேரும் தாமதமும் இதில் அடக்கம்; அதைக் கழித்தால் மிஞ்சுவது, கடிகாரம் மெதுவாக ஓடுவதால் வரும் 1.25 மடங்கு.) நெருங்கி வரும்போது அரை ஆண்டுக்கு ஒன்று. இதுவரை நீங்கள் சொல்லும் சமச்சீரில் ஒரு கீறலும் இல்லை.

தங்கை போகும் 4 ஆண்டில் 2 சைகை பெறுகிறாள். கலத்தைத் திருப்பிய கணமே சைகைகள் நெருக்கமாக வரத் தொடங்கிவிடுகின்றன. அடுத்த 4 ஆண்டில் 8. மொத்தம் 10. அக்காவுக்கோ, தங்கை திரும்பிய செய்தியே 3 ஆண்டு பயணித்துத்தான் வரவேண்டும். ஆகவே 8 ஆண்டுவரை அவளுக்கு 4 சைகைகள்தாம். கடைசி 2 ஆண்டில் மளமளவென்று இன்னும் 4. மொத்தம் 8. திருப்பம் ஒருத்திக்கு உடனே தெரிகிறது, மற்றவளுக்குத் தாமதமாகத் தெரிகிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முடுக்கத்தை அடியோடு நீக்கியும் பார்க்கலாம். தங்கை திரும்பவே வேண்டாம். விண்மீனருகே, எதிர்த்திசையில் அதே வேகத்தில் வரும் வேறொருத்தி, கடந்துபோகும்போது தங்கையின் கடிகாரத்தைப் பார்த்துத் தன்னுடையதைச் சரிசெய்துகொள்கிறாள். யாரும் முடுக்கம் பெறவில்லை. அவள் அக்காவைக் கடக்கும்போது அந்தக் கடிகாரம் காட்டுவது அதே 8 ஆண்டுதான்.

இது வெறும் கற்பனைக் கணக்கும் அல்ல. ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் மியூவான்களை, அதாவது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான, விரைவில் சிதைந்துவிடும் துகள்களை, ஒளியை நெருங்கும் வேகத்தில் வளையத்தில் சுற்றவிட்டு ஆராய்ந்தார்கள். முடிவு 1977-ல் வெளியானது. ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி. வளையத்தில் அது சுமார் 64 மைக்ரோவிநாடியாக நீண்டது. ஒவ்வொரு சுற்றிலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மியூவான், நம் தங்கையேதான். அது வளைந்து திரும்பும்போது பெறும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு தெரியுமா? ஒன்றுக்குப் பின் ஏறத்தாழ 18 சுழியம். அவ்வளவு முடுக்கமும் ஆயுளில் தனியாக எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேகத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கே பொருந்தியது.

கட்டுரையில் அந்த வரியை அடித்துவிட்டேன்.