ஆன்லைன் கிரிக்கெட் கேமில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எதிராளி பாதியில் வெளியேறிவிடுகிறார். என்ன செய்வது?

நீங்கள் அநேகமாக மொபைலில், முன்பின் தெரியாதவர்களோடு 5 ஓவர் மேட்ச் ஆடுகிறவர். அப்படி ஆடி நொந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு கேமில் (பெயர் வேண்டாம்) எதிராளி முதலில் ஆடி 83 ரன் எடுத்தார். நான் விரட்டி, கடைசி ஓவரில் 11 தேவை என்ற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதல் பந்து சிக்ஸ். அடுத்த பந்து வரவே இல்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி மட்டும் திரையில் வந்தது. வெற்றியும் என் கணக்கில் ஏறவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு கேமுக்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

பேட்டிங் முடிந்ததும் "அம்மா கூப்பிடுறாங்க" என்று வீட்டுக்கு ஓடுகிறவன் எல்லாத் தெருவிலும் உண்டு. எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் அதற்கு மருந்து இருந்தது. மறுநாள் அவனுக்குக் கடைசி பேட்டிங். அதுவரை வெயிலில் ஃபீல்டிங். மறுநாளும் எங்கள் முகத்தில்தான் அவன் முழிக்க வேண்டும் என்பதால் மூன்றே நாளில் திருந்தினான். முகம் தெரியாத ஆளுக்கு அந்த மறுநாள் கிடையாது. அதனால் என் பதில் ஒன்றுதான்: தெரிந்தவர்களோடு மட்டும் ஆடுங்கள்.

நானும் அத்தை மகனும் வளர்ந்தது ஈஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07-இல். அட்டையில் இங்கிலாந்து வீரர் ஃபிளின்டாஃப், வர்ணனையில் ரிச்சி பெனோ, மார்க் நிக்கோலஸ். ஒரே கம்ப்யூட்டர், ஒட்டி உட்கார்ந்து ஆடுவோம். பிறகு மச்சான் வேலைக்கென்று சிங்கப்பூர் போனான், ஆட்டமும் நின்றது. 2014-இல் மெல்போர்ன் நகரத்து பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் டான் பிராட்மேன் கிரிக்கெட் 14-ஐ வெளியிட்டது. அதில் ஆன்லைன் ஆட்டம் உண்டு. வீரர்களை நாமே உருவாக்கிப் பகிரவும் முடியும். மச்சான் ஒரு வாரம் உட்கார்ந்து எங்கள் தெருப் பையன்கள் 11 பேரையும் செய்துவிட்டான். அந்த "அம்மா கூப்பிடுறாங்க" பையனுக்கு 11-ஆவது இடம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை இரவு 8 மணி எங்கள் நேரம், அங்கே பத்தரை. தகராறு வராமல் இல்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை எட்ட ஏறத்தாழ அரை நொடிதான். நெட் 150 மில்லி நொடி பிந்தினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஸ்டம்ப் எகிறியதும் "எலேய் மாப்ள, நெட்டு இழுக்குதுடா" என்பான் மச்சான். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். நெட் இழுத்து ஒருவன் அவுட் ஆனால், மற்றவன் தன் இன்னிங்ஸில் ஒரு விக்கெட்டைத் தானாக விட்டுவிட வேண்டும். தெருவில் ட்ரையல் பால் (கணக்கில் சேராத பந்து) கேட்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றுவரை இருவரும் அதை மீறியதில்லை. (வைஃபையை நம்பாமல் ரௌட்டரிலிருந்து நேராகக் கேபிள் இழுத்தபின் பாதிச் சண்டை குறைந்தது. நீங்கள் ஆடுவது மொபைல் என்றால் ரௌட்டர் பக்கத்திலேயே உட்காருங்கள்.)

வெளியே போய் நிஜ கிரிக்கெட் ஆடலாமே என்று யாராவது இங்கே வந்து எழுதுவார்கள். எங்கே ஆடுவது, சொல்லுங்கள். நாங்கள் ஆடிய காலி இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பூட்டுப் போட்டு ஆறு வருடமாகிறது. உள்ளே ஆளுயரத்துக்குக் கருவேலம் வளர்ந்து நிற்கிறது. டர்ஃபுக்கு (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) போனால் மணிக்கு 1,000 ரூபாய். என் அக்கா மகன் தெருவில் மட்டையைத் தூக்கினால், நிறுத்தி வைத்த காரில் பந்து படும் என்று நாலு வீட்டிலிருந்து சத்தம் வருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, பையன்கள் போனையே பார்க்கிறார்கள் என்று பையன்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் ஆடும் கேமில் நண்பர்களை மட்டும் அழைத்து ஆடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே வாட்ஸாப்பில் கால் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குரல் கேட்கும்போது யாரும் சொல்லாமல் எழுந்து போவதில்லை. அழைக்க ஆளே இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், ஒரு சனிக்கிழமை சேர்ந்து ஆடலாம். கடைசிப் பந்து வரை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.