பக்கத்துப் பண்ணையில் பன்றி சாகிறது, என் பன்றிக்குப் போட்ட ஊசி காப்பாற்றுமா?

கேள்வி: பதினெட்டு வெண்பன்றி வளர்க்கிறேன். பக்கத்துப் பண்ணையில் காய்ச்சல் வந்து சாகின்றன. என் பன்றிகளுக்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. போதுமா? குட்டி வாங்க வரும் ஏஜென்ட், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் ஊசி இருக்கிறது, ஒன்று 800 ரூபாய் என்கிறார்.

பதில்: அந்த 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அந்த நோய்க்கு அனுமதி பெற்ற தடுப்பூசி நம் நாட்டில் இல்லை. வியட்நாமில் 2022-ல் ஒன்றை அனுமதித்தார்கள்; போட்ட பன்றிகள் சாகவே சில மாதங்களில் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். உங்கள் ஏஜென்ட் சட்டைப் பையில் ஐஸ் கூட இல்லாமல் கொண்டுவருவது வெறும் வைட்டமினாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பக்கத்துப் பண்ணையில் குத்திய அதே ஊசியால் உங்கள் பன்றியையும் குத்தினால் நோய் வீடு தேடி வந்துவிடும்.

சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் பெயர்தான் ஒன்றுபோல, இரண்டு வைரஸுக்கும் உறவே கிடையாது. நீங்கள் போட்டது ஆப்பிரிக்கக் காய்ச்சலைத் தடுக்காது. கிருமியைப் பிடித்துத் தின்ன வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே அது குடியேறிப் பெருகுவதால், தடுப்பூசி செய்பவர்களுக்கும் இது பெரிய தலைவலி.

ஊசி போட்ட குட்டிகள் செத்தால் அது ஆப்பிரிக்கக் காய்ச்சல்தான் என்றும் முடிவுகட்டாதீர்கள். ஊசி பலிக்காமல் சாதாரணப் பன்றிக் காய்ச்சலே வந்திருக்கலாம். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பன்றிக்குட்டிக்குக் கருவில் தாயின் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலில்தான் வருகிறது. தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால், சீம்பாலில் வந்த அதே சக்தி, குட்டிக்குச் சீக்கிரமே போடும் ஊசியையும் அடித்துவிடும். மூன்று வாரக் குட்டிக்குப் போட்டது போடாத கணக்குதான். இரண்டு மாதம் தாண்டட்டும். தாய்க்கு ஊசி போடாமலிருந்தாலோ குட்டி சீம்பால் குடிக்காமலிருந்தாலோ கணக்கு மாறும், அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போதைக்கு ஏஜென்ட் வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். ஓட்டல் கழிவைக் கொதிக்கவைக்காமல் போடாதீர்கள். மனிதருக்கு ஆப்பிரிக்கக் காய்ச்சல் தொற்றாது.

ஆப்பிரிக்கக் காய்ச்சலோ என்று சந்தேகம் வந்தால், பன்றியிடம் எடுத்த மாதிரி போபாலில் உள்ள தேசிய விலங்கு நோய் ஆய்வகம் வரை போய் உறுதியாக வேண்டும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உள்ள பன்றிகளை அரசே கொல்லும். அப்படிக் கொன்றதற்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன் தானாகச் செத்ததற்குக் கிடையாது. இந்த விதியை எழுதியவர் பன்றிப்பண்ணையில் ஒரு ராத்திரி கூடப் படுத்திருக்கமாட்டார். இதனால்தான் எல்லோரும் சுணங்கிய பன்றியைப் பாதி விலைக்கு ஏஜென்டிடம் தள்ளிவிடுகிறார்கள், அவர் லாரியில் நோய் அடுத்த ஊருக்குப் போகிறது. நீங்கள் ஒரு பன்றி தீனி தின்னாமல் படுத்த அன்றே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.